ஹொனலுலுவில் நள்ளிரவு ஆக்ஸ்டெயில் சூப்: அந்தத் தெளிவு வீட்டில் ஏன் வரவில்லை?

உங்கள் கேள்வி நீளமாக இருந்தாலும் விஷயம் இதுதான். வேலை நிமித்தமாக ஹவாயின் தலைநகரான ஹொனலுலு போயிருக்கிறீர்கள். இரவு பன்னிரண்டு மணிக்கு மேல் உள்ளூர் நண்பர் ஒருவர் உங்களைச் சாதாரண காபி ஷாப் ஒன்றுக்கு அழைத்துப் போய் மாட்டுவால் சூப் வாங்கிக் கொடுத்திருக்கிறார். தெளிந்த எலும்பு ரசம், அடியில் வெந்த வேர்க்கடலை, மேலே ஒரு கைப்பிடி கொத்தமல்லி, தனிக் கிண்ணத்தில் துருவிய இஞ்சி. கலிபோர்னியாவின் சான் ஹோசே திரும்பியதும் அதே ஆசையில் குக்கரில் எட்டு விசில் விட்டு, மிளகு சீரகம் அரைத்துப் போட்டு, வறுத்த கடலையும் சேர்த்து வைத்திருக்கிறீர்கள். கலங்கலாக, எண்ணெய் மிதந்து, "ஆட்டுக்கால் சூப்புக்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி" வந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். இது ஹவாய் உணவுதானா, ஏன் அதை அகால நேரத்தில் தேடிப் போகிறார்கள் என்றும் கேட்டிருக்கிறீர்கள். எனக்கென்னவோ, நீங்கள் தெரிந்துகொள்ள விரும்புவது அந்தத் தெளிவு எப்படி வந்தது என்பதைத்தான். மற்ற இரண்டுக்கும் பதில் சொன்னால்தான் அது சரியாகப் புரியும் என்பதால் மூன்றையும் எடுத்துக்கொள்கிறேன்.

கேட்டரிங் படித்துவிட்டு ஹொனலுலுவின் வைக்கீகி கடற்கரைப் பக்கம் ஹோட்டல் சமையலறையில் பல வருடம் இரவு ஷிப்டு பார்த்தவன் நான். அடுப்பு, பாத்திரம், சரக்கு பற்றிச் சொல்வதை நீங்கள் அப்படியே நம்பலாம். வரலாற்றில் எது உறுதி, எது வாய்வழிக் கதை என்று பிரித்துச் சொல்கிறேன். உடம்புக்கு நல்லதா கெட்டதா என்பது என் துறை இல்லை. அதைப் பற்றிக் கடைசியில் கொஞ்சமாக மட்டும்.

முதலில் ஹவாய் உணவா என்பது. அந்தத் தீவுகளில் முதலில் மாடே கிடையாது. 1793இல் ஜார்ஜ் வான்கூவர் என்ற பிரிட்டிஷ் கப்பல் தலைவர் கமேஹமேஹா அரசருக்கு மாடுகளைப் பரிசாகக் கொண்டுவந்து இறக்கினார். பத்து வருடத்துக்கு யாரும் அவற்றைக் கொல்லக் கூடாது என்று தடை போட்டார்கள். மாடுகள் பெருகிக் காடெல்லாம் திரிந்து, பயிர்களை மேய்ந்து, பெரிய தொல்லையாகவே ஆகிவிட்டன. 1830களில் கலிபோர்னியாவிலிருந்து மெக்சிக மாடுபிடிக்காரர்களை வரவழைத்து அடக்கக் கற்றுக்கொண்டார்கள். இன்றும் பெரிய தீவில் இருக்கும் பார்க்கர் ராஞ்ச் 1847இல் தொடங்கியது. பூர்வகுடி ஹவாய்க்காரர்களின் சாப்பாடு சேப்பங்கிழங்கை இடித்துச் செய்யும் "போய்" (poi) என்ற கூழ், மீன், மண்ணில் குழி தோண்டி வேகவைக்கும் பன்றி, சேப்ப இலையில் கறியோ மீனோ பொதிந்து வேகவைக்கும் லாவ்லாவ். மாட்டுவால் சூப் அந்த வரிசையில் வராது. உள்ளூர்க்காரர்களே இதை "லோக்கல் ஃபுட்" என்றுதான் சொல்வார்கள். ஹவாயன் சாப்பாடு வேண்டும் என்றால் வேறு கடைக்குக் கூட்டிப் போவார்கள்.

அந்த லோக்கல் சாப்பாடு கரும்புத் தோட்டங்களால் உண்டானது. 1852இல் சீனத் தொழிலாளர்கள் ஒப்பந்தத்தில் வந்தார்கள், 1878இல் போர்ச்சுகீசியர்கள், 1885இலிருந்து பெரும் எண்ணிக்கையில் ஜப்பானியர்கள், 1900இல் ஜப்பானின் தெற்குத் தீவான ஒக்கினாவாக்காரர்கள், 1903இல் கொரியர்கள், 1906இல் பிலிப்பினோக்கள். உங்கள் கிண்ணத்தில் இருந்ததைப் பிரித்துப் பார்த்தாலே பாதி தெரியும். அன்னாசிப்பூ, காயவைத்த கமலா ஆரஞ்சுத் தோல், தோல் நீக்கிய பச்சை வேர்க்கடலை, காய்ந்த காளான், லேசாகக் கசக்கும் கடுகுக்கீரை எல்லாம் தென்சீனாவின் குவாங்டங் வீட்டுச் சூப்பில் வருபவை. ஹவாய்க்கு வந்த சீனர்களில் பெரும்பாலோர் அந்த மாகாணத்தவர்தான். துருவிய இஞ்சியோடு ஷோயு என்ற சோயா சாஸ் ஜப்பானிய மேசையிலிருந்து வந்தது. இரண்டு உருண்டைச் சோறு இல்லாமல் அங்கே எந்தத் தட்டும் வெளியே வராது. அதாவது சீனச் சூப்பை, பெரும்பாலும் ஜப்பானிய, ஒக்கினாவா வம்சாவளிக்காரர்கள் நடத்திய கடைகளில், எல்லா இனத்தவரும் சாப்பிட்டு, ஊர்ச் சூப் ஆக்கிக்கொண்டார்கள். ஒக்கினாவாக்காரர்களிடம் பன்றிக்காலை மணிக்கணக்கில் வேகவைக்கும் சூப் ஏற்கெனவே உண்டு. எலும்பும் ஜவ்வும் அவர்கள் கைக்குப் புதிதில்லை.

இதுவரை சொன்னது உறுதியானது. சந்தேகமானது இனி. "தோட்ட முதலாளிகள் தூக்கிப்போட்ட வாலை ஏழைத் தொழிலாளர்கள் பொறுக்கிச் சமைத்தார்கள்" என்று பலர் சொல்வார்கள். கேட்க நன்றாக இருக்கும். எனக்கு முழுதாக ஒட்டவில்லை. ஒரு மாட்டுக்கு ஒரு வால்தான். நூற்றுக்கணக்கான பேர் இருக்கும் குடியிருப்பில் அதை அன்றாடச் சாப்பாடாக யார் நம்பியிருக்க முடியும்? எப்போதாவது கிடைத்ததை ஒரு வீட்டில் சமைத்திருப்பார்கள், அவ்வளவுதான். நாம் இன்று சாப்பிடும் வடிவத்தைப் பிரபலமாக்கியவை நகரத்துக் காபி ஷாப்கள். அதில் கலீஹி பகுதியில் காம் பௌல் என்ற பவுலிங் (பந்தை உருட்டிக் கட்டைகளைச் சாய்க்கும் ஆட்டம்) கூடத்துக்குள் இருந்த கபியோலானி காபி ஷாப்பின் பெயரைத்தான் பழைய ஆட்கள் முதலில் சொல்வார்கள். கூடம் மூடிய பிறகு அதே கைமணம் அசாஹி கிரில் என்ற பெயரில் தொடர்ந்தது. ஆனால் முதன்முதலில் வைத்தது இன்னார்தான் என்று யாராவது அடித்துச் சொன்னால் தலையாட்டிவிட்டு நகர்ந்துவிடுங்கள். இப்படிப்பட்ட சூப்பைப் பல சமையல்காரர்கள் பல இடங்களில் ஒரே காலத்தில் வைத்திருப்பார்கள்.

சரி, ஏன் ராத்திரியில்? குடித்தவர்களுக்குத் தெளிய வைக்கும், குளிர்ந்த வயிற்றுக்கு இதம் என்றெல்லாம் சொல்வார்கள். அதில் கொஞ்சம் உண்மை இருக்கலாம். நான் உள்ளேயிருந்து பார்த்த காரணம் வேறு. ஹொனலுலு ராத்திரியில் வேலை செய்யும் ஊர். ஹோட்டலில் மதிய ஷிப்டு முடிந்து அறைப் பணியாளர்களும் பரிமாறுபவர்களும் பதினோரு மணி வாக்கில் வெளியே வருவார்கள். அமெரிக்க நிலப்பகுதிக்குப் போகும் விமானங்களில் நிறைய இரவு ஒன்பதிலிருந்து நள்ளிரவுக்குள் கிளம்பும், அதற்கு விமான நிலையத்தில் ஆள் வேண்டும். சாதாரண பார்கள் இரண்டு மணிக்கு மூடும், தனி உரிமம் உள்ளவை நான்கு மணி வரை. பவுலிங் லீக் ஆட்டம் முடியவே பத்து மணி தாண்டும். இத்தனை பேருக்கும் அந்த நேரத்தில் உட்கார்ந்து சாப்பிட இடம் வேண்டும்.

இப்போது கடைக்காரர் பக்கம் வாருங்கள். இரவு ஒரு மணிக்கு முழுச் சமையலறையையும் ஓட்ட ஆள் வைக்க முடியாது. தோசைக்கல் போலத் தட்டையான கிரிடில் அடுப்பில் ஒருவர், பாத்திரம் கழுவ ஒருவர், அவ்வளவுதான் இருப்பார்கள். அந்த ஒருவர் முட்டை போடுவார், சோற்றின் மேல் கறியும் முட்டையும் வைக்கும் லோகோ மோகோவுக்கு அரைத்த மாட்டுக்கறி வட்டை வாட்டுவார், வறுத்த சோறு கிளறுவார். சூப்பைப் பொறுத்தவரை அவர் செய்ய வேண்டியது ஏறக்குறைய ஒன்றுமில்லை. பகல் சமையல்காரர் முந்தின நாளே வேகவைத்து, ஆறவைத்து, கொழுப்பெடுத்து வைத்துவிட்டார். ஆர்டர் வந்தால் மூன்று நான்கு துண்டு வாலைச் சிறு சட்டியில் போட்டு, ரசம் ஊற்றிக் கொதிக்க வைத்து, கீரையை ஒரு நிமிஷம் முக்கி, கொத்தமல்லி தூவி அனுப்புவார். ஐந்தாறு நிமிஷத்தில் மேசைக்கு வரும். மூன்றரை மணி நேரம் வேகும் பொருளை நள்ளிரவில் ஐந்து நிமிஷத்தில் கொடுக்க முடிவதால்தான் அது நள்ளிரவுச் சாப்பாடு ஆனது என்பது என் கணிப்பு. ஸ்டேக்கை இப்படிக் காத்திருக்க வைக்க முடியாது, வறுத்த மீனையும் முடியாது. வாலை வைக்கலாம். இரண்டாம் நாள் இன்னும் நன்றாக இருக்கும்.

இதற்கு நல்ல சாட்சி ஹவாயில் இல்லை, லாஸ் வேகஸில் இருக்கிறது. அங்கே 1975இல் சாம் பாய்ட் திறந்த கலிபோர்னியா என்ற சூதாட்ட ஹோட்டல், ஹவாய்க்காரர்களையே குறிவைத்து வளர்ந்தது. அந்த ஊரை அவர்கள் ஒன்பதாவது தீவு என்றே கூப்பிடுவார்கள். அதற்குள் இருக்கும் மார்க்கெட் ஸ்ட்ரீட் கஃபேயின் ஆக்ஸ்டெயில் சூப் ராத்திரி பதினோரு மணிக்கு மேல்தான் என்று பேர் வாங்கியது. சூதாட்ட மேசையை விட்டு எழுந்து வந்து வரிசையில் நிற்பார்கள். ஊரை விட்டு நாலாயிரம் கிலோமீட்டருக்கும் மேல் தள்ளிப் போனாலும் சூப்போடு அதன் நேரத்தையும் சேர்த்தே எடுத்துப் போயிருக்கிறார்கள், பாருங்கள்.

ஹொனலுலுவில் நிலைமை மாறிவிட்டது. வைக்கீகியில் 24 மணி நேரமும் திறந்திருந்த வைலானா காபி ஹவுஸ் 2018இல் மூடியது. 1966இல் ஹிகா சகோதரர்கள் தொடங்கிய ஜிப்பீஸ், சில்லி என்ற பீன்ஸ்-கறிக் குழம்புக்குத்தான் பேர் போனது. மாட்டுவால் சூப்பும் அங்கே கிடைக்கும். அதன் பல கிளைகள் இரவு முழுக்க ஓடியவை. 2020 தொற்றுக்காலத்துக்குப் பிறகு ஊரெங்கும் நேரத்தைக் குறைத்துவிட்டார்கள், ஆள் கிடைப்பதும் கஷ்டமாகிவிட்டது. அடுத்த முறை போகும்போது பழைய பயணக் குறிப்பை நம்பி இரவு ஒரு மணிக்கு டாக்சி பிடிக்காதீர்கள். போன் செய்து கேட்டுவிட்டுப் போங்கள். விலையும் முன்பு மாதிரி இல்லை. மலிவான கழிவாக இருந்த வாலை எல்லோரும் கேட்க ஆரம்பித்ததும் இறைச்சிக் கடையில் நல்ல கறிக்குச் சமமாக விற்கிறார்கள். ஒரு கிண்ணம் பல இடங்களில் 20 டாலருக்கு மேல்.

இனி உங்கள் குக்கர். நீங்கள் செய்ததில் சுவை தனி விஷயம், கலங்கல் தனி விஷயம். சுவைக்குக் காரணம் மிளகு, சீரகம், தாளிப்பு. அதில் குற்றம் ஒன்றுமில்லை, அது வேறு சூப். ஹவாய்க் கிண்ணத்தில் காரமே இல்லை. மசாலா என்றால் இரண்டு அன்னாசிப்பூ, ஒரு சின்னத் துண்டு ஆரஞ்சுத் தோல், தட்டிய இஞ்சி. ரசத்தைக் குடித்தால் இன்ன மணம் என்று சொல்ல வராத அளவுக்குத்தான் இருக்க வேண்டும். அன்னாசிப்பூவை நான்கு ஐந்து போட்டால் பிரியாணி வாடை வந்துவிடும். நம்மவர்களுக்குக் கை தாராளம், இங்கே அடக்க வேண்டும்.

கலங்கலுக்கு மூன்று காரணங்கள் உங்கள் குறிப்பிலேயே இருக்கின்றன. முதலாவது, வாலைக் கழுவிவிட்டு நேரடியாக வேகவைத்தீர்கள். உணவகத்தில் யாரும் அப்படிச் செய்வதில்லை. வால் துண்டுகளைக் குளிர்ந்த தண்ணீரில் போட்டு, தண்ணீர் கொதி வந்த பிறகு ஒரு பத்து நிமிஷம் விடுவோம். சாம்பல் நிறத்தில் நுரை திரண்டு மேலே வரும், எலும்புக்குள் இருந்த ரத்தமும் கரையும் புரதமும் அது. அந்தத் தண்ணீரை முழுக்கக் கொட்டிவிட வேண்டும். சத்து போகிறதே என்று தயங்காதீர்கள், வாலின் ருசி பத்து நிமிஷத்தில் வெளியே வராது. பிறகு ஒவ்வொரு துண்டையும் குழாயடியில் பிடித்து, எலும்பின் நடுவே இருக்கும் குழியையும் விளிம்புகளையும் விரலால் தேய்த்துக் கழுவ வேண்டும். அடர்சிவப்பாக ஜெல்லி போல ஒட்டியிருக்கும், அது போக வேண்டும். பாத்திரத்தையும் தேய்த்துவிட்டுத்தான் புதுத் தண்ணீர். புதிதாகச் சேரும் பையன்கள் இந்தப் பாத்திரம் தேய்க்கும் வேலையைத்தான் முதலில் விட்டுவிடுவார்கள். சுவரில் ஒட்டியிருக்கும் அழுக்கு நுரை மறுபடி ரசத்தில் கரைந்து எல்லாப் பாடும் வீண்.

இரண்டாவது, எட்டு விசில். குக்கர் கூடாது என்று சொல்ல மாட்டேன். சொல்லப்போனால் குக்கரில் ரொம்பத் தெளிவான ரசம் வரும், விசில் விடாமல் இருந்தால். மூடிய குக்கருக்குள் அழுத்தம் சீராக இருக்கும்வரை தண்ணீர் சூடாக இருக்குமே தவிரத் தளதளவென்று கொதிக்காது. வெயிட்டைத் தூக்கி ஆவி சீறும் அந்த நொடியில் அழுத்தம் சட்டென்று விழும், உள்ளே இருப்பது அத்தனையும் பொங்கிக் குமுறும். உருகிய கொழுப்பு நுண்ணிய துளிகளாக உடையும். வாலிலிருந்து இறங்கிய ஜெலட்டின் என்ற பசைப்புரதம் அந்தத் துளிகளைப் பிடித்து வைத்துக்கொள்ளும், மேலே வந்து சேர விடாது. நீங்கள் பார்த்த பால்வண்ணக் கலங்கல் அதுதான். அப்படி ஒருமுறை கலந்ததை வடிகட்டி எடுக்க முடியாது. ஆகவே ஒரு விசில் வருவதற்கு முன்னாலேயே தீயைச் சிம்மில் வையுங்கள், ஐம்பது நிமிஷம் விசில் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள், அடுப்பை அணைத்துத் தானாக ஆவி அடங்கும்வரை திறக்காதீர்கள். திறந்த பாத்திரம் என்றால் மூன்று முதல் மூன்றரை மணி நேரம். பரப்பில் ஓர் ஓரத்தில் மட்டும் நாலைந்து குமிழ் மெதுவாக எழுந்து உடைய வேண்டும். அதற்கு மேல் கொதித்தால் தீ அதிகம்.

மூன்றாவது, வறுத்த கடலை. வறுத்ததில் எண்ணெய் வெளியே வந்திருக்கும், அந்த வாடையும் ரசத்தை ஆக்கிரமித்துவிடும். வறுக்காத வேர்க்கடலையை இரவே ஊறவைத்து, சிவப்புத் தோலைக் கசக்கி எடுத்துவிடுங்கள். தோலோடு போட்டால் ரசம் பழுப்பேறும், லேசாகத் துவர்க்கும். வால் பாதி வெந்த பிறகு கடலையைச் சேர்த்தால் முழுசாக, ஆனால் விரலால் நசுக்கினால் மசியும் பதத்தில் நிற்கும். குக்கர் வைப்பவர்கள் கடலையைத் தனியாக வேகவைத்துச் சேர்ப்பதே நல்லது. காய்ந்த ஷீட்டாக்கே காளானை ஊறவைத்து முழுதாகப் போடலாம், ஊறின தண்ணீரை ஊற்றினால் ருசி கூடும், நிறமும் கூடும். எனக்கு ருசி போதும் என்று ஊற்றுவேன். தெளிவே முக்கியம் என்பவர்கள் ஊற்றாதீர்கள்.

பதம் பார்ப்பது எப்படி? முள்கரண்டியால் குத்தி இழுத்தால் கறி எலும்பை விட்டு வர வேண்டும், ஆனால் தானாகக் கழன்று பாத்திரத்தில் மிதக்கக் கூடாது. மறுநாள் திரும்பச் சூடாக்கும்போது இன்னும் வேகும் என்பதால், போதும் என்று தோன்றுவதற்குக் கொஞ்சம் முன்பே நிறுத்துவது வழக்கம். வாலின் அடிப்பக்கத்துத் துண்டுகள் பெரியவை, கறி அதிகம், சுற்றிலும் கொழுப்பு வளையம் தடிமனாக இருக்கும். அதைக் கத்தியால் சீவி மெல்லிய படலம் மட்டும் விடுங்கள். நுனித் துண்டுகளில் கறியே இருக்காது, ஆனால் ரசத்துக்குப் பிடிமானம் கொடுப்பது அவைதான். இரண்டும் கலந்து வாங்குங்கள். கடைக்காரர் பெரியதை மட்டும் பொறுக்கிக் கொடுத்தால் சந்தோஷப்பட வேண்டாம்.

வெந்தவுடன் சாப்பிடாதீர்கள், இதுதான் நான் சொல்வதிலேயே கடைப்பிடிக்கக் கஷ்டமானது. துண்டுகளைத் தனியே எடுத்துவிட்டு, ரசத்தை வடிகட்டி, அகலமான ஆழமில்லாத இரண்டு மூன்று பாத்திரங்களில் பிரித்து, ஐஸ் தண்ணீரில் வைத்து ஆற்றிக் குளிர்பெட்டியில் வையுங்கள். பெரிய பாத்திரத்தை அப்படியே மூடி வைத்தால் நடுவில் மணிக்கணக்கில் வெதுவெதுப்பாக நின்று கெட்டுப்போக வழி உண்டு. அமெரிக்க உணவகங்களுக்கான விதி, 57 டிகிரி செல்சியஸிலிருந்து 21க்கு இரண்டு மணி நேரத்துக்குள், அங்கிருந்து 5க்கு இன்னும் நான்கு மணி நேரத்துக்குள் இறங்க வேண்டும் என்பது. வீட்டில் தெர்மாமீட்டர் வைத்து அளக்க வேண்டாம், ஆனால் அந்த வேகம் மனதில் இருக்கட்டும். மறுநாள் காலை திறந்தால் மேலே வெளிர்மஞ்சளாகக் கொழுப்பு கெட்டியாக உறைந்திருக்கும். ஓரத்தில் கரண்டியை விட்டு நெம்பினால் பெரிய பெரிய சில்லுகளாகப் பெயர்ந்து வரும். அடியில் ரசம் ஆடும் ஜெல்லியாக நிற்கும். "கொழகொழவென்று ஆகிவிட்டது, கெட்டுவிட்டதோ" என்று கேட்டிருந்தீர்களே, அந்த ஒன்று மட்டும் உங்கள் சமையலில் சரியாக நடந்திருக்கிறது. ஜவ்வில் இருக்கும் கொலாஜன் நீண்ட சூட்டில் ஜெலட்டினாக மாறி ரசத்தில் இறங்கியதன் அடையாளம் அது. சூடானதும் உருகிவிடும். உதடு ஒட்டுவதும் அதனால்தான்.

திரும்பக் கொதிக்க வைக்கும்போதுதான் உப்புப் போடுங்கள், அதையும் குறைத்துப் போடுங்கள். காரணம் அந்த இஞ்சிக் கிண்ணம். நீங்கள் அதை ரசத்தில் கொட்டிவிட்டேன் என்று எழுதியிருந்தீர்கள், பலர் அப்படிச் செய்கிறார்கள், யாரும் கோபிக்க மாட்டார்கள். வழக்கமாக, துருவிய இஞ்சியில் ஷோயு ஊற்றிக் குழப்பிக்கொண்டு, கறித்துண்டை ரசத்திலிருந்து எடுத்து அதில் தொட்டு, சோற்றோடு சாப்பிட்டு, மேலே ஒரு வாய் ரசம் குடிப்பார்கள். உப்பும் காரமும் கறிக்கு அந்தக் கிண்ணத்திலிருந்து வருகிறது, ரசம் மிதமாகவே இருக்கலாம். ஜவ்வுக் கறியின் கனத்தை இஞ்சி அறுத்துவிடும். கடுகுக்கீரையின் கசப்பும் அதே வேலையைச் செய்கிறது, ஆகவே அதைப் பரிமாறும் நேரத்தில் மட்டும் போடுங்கள். சான் ஹோசேயில் ஆசியக் கடைகளில் காய் சோய் என்று கேட்டால் கிடைக்கும். கிடைக்காவிட்டால் பாக் சோய் போடலாம், கசப்பு இருக்காது. ஷோயுவுக்கு ஜப்பானிய வகை வாங்குங்கள், கறுப்பாகக் கெட்டியாக இருக்கும் சீன சாஸ் சரிப்படாது. கையால் எலும்பை எடுத்துக் கடிக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். அந்த மாதிரிக் கடையில் கையால் எடுக்காதவர்களைத்தான் திரும்பிப் பார்ப்பார்கள்.

அளவு வேண்டும் என்பதால் சொல்கிறேன், நான்கைந்து பேருக்கு: இரண்டு கிலோ வால், நான்கு லிட்டர் தண்ணீர், ஒரு கப் வேர்க்கடலை, ஆறு காய்ந்த காளான், கட்டைவிரல் நீளத்தில் இரண்டு துண்டு இஞ்சி, இரண்டு அன்னாசிப்பூ, ஐம்பது பைசா நாணயம் அளவில் இரண்டு துண்டு கமலாத் தோல். தோலை ஊறவைத்து உள்பக்க வெள்ளையைச் சுரண்டிவிடுங்கள், கசப்பு அங்கேதான் இருக்கிறது. குக்கர் என்றால் தண்ணீரை மூன்று லிட்டராகக் குறையுங்கள், பாத்திரத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் போக வேண்டாம். இடம் போதாவிட்டால் இரண்டு ஈடாக வையுங்கள்.

உடம்பு விஷயம். மூட்டுக்கு நல்லது, தோல் பளபளக்கும் என்று ஜெலட்டின் பற்றி நிறையப் பேச்சு இருக்கிறது. வயிற்றில் அதுவும் மற்றப் புரதம் போல உடைந்துதான் செரிக்கிறது, ஒரு கிண்ணத்தில் மூட்டு வலி போகும் என்று எதிர்பார்க்காதீர்கள். குடித்த ராத்திரியில் தண்ணீரும் உப்பும் உள்ளே போவதால் தெம்பாக இருக்கும், அதற்கு மேல் மருந்து என்று சொல்ல ஆதாரம் இல்லை. உங்கள் அப்பாவுக்கு யூரிக் அமிலம் இருக்கிறது என்று எழுதியிருப்பதால் சொல்கிறேன், மாட்டுக்கறியை நீண்ட நேரம் வேகவைத்த ரசத்தில், உடம்பில் யூரிக் அமிலமாக மாறும் பியூரின் இறங்கியிருக்கும், அவருக்கு ஊற்றுவதற்கு முன் டாக்டரைக் கேட்டுவிடுங்கள். ரத்தக்கொதிப்பு உள்ளவர்களுக்கு ரசத்தைவிட அந்த ஷோயு கிண்ணம்தான் கவலை. சாப்பிட்டவுடன் படுத்தால் நெஞ்சு கரிக்கும் ஆளாக இருந்தால், ஹொனலுலுவின் நேரத்தை வீட்டில் கடைப்பிடிக்க வேண்டிய அவசியம் இல்லை. ஏழு மணிக்குச் சாப்பிட்டாலும் அதே ருசிதான்.

ரசம் மிஞ்சினால் கொட்டாதீர்கள். ஹவாயில் தேங்க்ஸ்கிவிங் முடிந்த மறுநாள் வான்கோழி எலும்பில் ஜூக் என்ற அரிசிக்கஞ்சி வைப்பார்கள், மாட்டுவால் ரசத்திலும் அது பிரமாதமாக வரும். ஒரு கப் அரிசிக்கு எட்டு முதல் பத்து கப் ரசம், அடிபிடிக்காமல் கிளறிக்கொண்டே ஒன்றரை மணி நேரம். எலும்பில் ஒட்டியிருக்கும் கறியைப் பிய்த்து, மிச்சக் காளானை நறுக்கிக் கடைசியில் போடுங்கள். உங்கள் அரைத்த மிளகு சீரகத்துக்கு இங்கே தாராளமாக இடம் உண்டு.